புண்ணுக்கு அஞ்சிப் பாலை நிறுத்தலாமா?

புதுவை நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், காலாப்பட்டைக் கடந்ததும், புதுவைப் பகுதியின் வட எல்லையை ஒட்டிக் கனகசெட்டிக்குளம் என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் ஒரு மீனவர் வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கார்த்திகை அடைமழை ஓய்ந்து இரண்டொரு நாளாகிறது. பத்து மாதக் குழந்தைக்கு முந்தின நாள் மாலை முதல் தண்ணீராய்ப் பேதியாகிறது. இரவெல்லாம் தாய்க்கு உறக்கமில்லை. விடிந்ததும் துணியை அவிழ்த்துப் பார்க்கிறாள். குழந்தையின் பின்புறமும் தொடை இடுக்கும் செக்கச்செவேலென்று வெந்துபோய்க் கிடக்கின்றன. தண்ணீர் பட்ட மாத்திரத்தில் குழந்தை வீறிட்டு அலறுகிறது.

"அத்தை, இங்கே வந்து பாருங்களேன்! புள்ளைக்குத் தோலே உரிஞ்சு போச்சு."

மாமியார் ஓடிவந்து பார்க்கிறார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் அவர். "பால் குடிக்கக் குடிக்கத்தான் இப்படிப் போவுது. இன்னைக்கு ஒரு பொழுது பாலையும் தண்ணியையும் நிறுத்திப் பாரு, கண்ணு. போறது நின்னாத்தான் புண்ணு ஆறும்" என்கிறார்.

இந்தக் காட்சி கற்பனையே. ஆயினும் இச்சொல்லைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கேளாத அன்னையர் நம்மிடையே மிகச் சிலரே. அன்பு மிகுதியால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆனால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து ஒளிந்திருப்பதும் அந்தச் சொல்லில்தான். வயிற்றுப்போக்கில் குழந்தை மடிவது பெரும்பாலும் புண்ணினால் அன்று. உடலிலிருந்து வெளியேறிய நீரையும் உப்பையும் ஈடுசெய்யாமல் விடுவதனாலேயே ஆகும். புண்ணை ஆற்றும் வழி வேறு, உயிரைக் காக்கும் வழி வேறு. இரண்டையும் ஒருங்கே செய்ய இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் ஏன் வேகிறது?

நோயின் காரணத்தை அறிந்துகொண்டால் பரிகாரம் தானே விளங்கும். நமது தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது. அந்த அமிலத்தன்மை தோலுக்கு ஒரு வேலி. கிருமிகளைப் பெருகவிடாமல் அது காத்துநிற்கிறது.

நாம் உண்ணும் உணவைச் செரிக்கச் செய்வதற்காகக் கணையம் முதலிய உறுப்புகள் சில நொதிகளைச் சுரக்கின்றன. புரதத்தையும் கொழுப்பையும் சிதைத்துக் கரைப்பது இவற்றின் தொழில். நலமாக இருக்கும் காலத்தில் கழிவு பெருங்குடலில் மெல்ல நகர்கிறது. அதற்குள் இந்த நொதிகளில் பெரும்பகுதி வலுவிழந்துவிடுகிறது. பேதியின்போதோ எல்லாம் விரைந்து ஓடி வெளியே வந்துவிடுகிறது. வீரியம் குன்றாத நொதிகளும் பித்தநீரின் உப்புகளும் அதனுடன் வந்து தோலின்மேல் படிகின்றன. நம் தோலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்து அமைந்ததுதானே? உணவைச் செரிக்கும் பொருள் தோலையும் அரிக்கத் தொடங்குகிறது.

இதனுடன் சிறுநீரும் கலந்துவிட்டால் தீமை இரட்டிக்கிறது. மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அம்மோனியா காரத்தன்மை உடையது. அந்தக் காரம் தோலின் அமில வேலியைத் தகர்ப்பதோடு, மேற்சொன்ன நொதிகளுக்குப் புதிய வேகத்தையும் ஊட்டுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் வேறு மென்மையாகிவிடுகிறது. துணி லேசாக உராய்ந்தாலும் போதும், அது வழன்றுவிடும்.

இவ்வுண்மை தெளிவாவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. 1921-ஆம் ஆண்டில் குக் என்னும் அமெரிக்க மருத்துவர், குழந்தையின் துணியில் அம்மோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டு எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல், அம்மோனியாவே தோலைச் சுடுகிறது என்று மருத்துவ உலகம் கருதிவந்தது. 1977-இல் லேடன் என்பவரும் அவருடைய குழுவினரும், புண் உள்ள குழந்தைகளிடத்தும் புண் இல்லாத குழந்தைகளிடத்தும் அம்மோனியாவின் அளவில் வேறுபாடு இல்லை என்று காட்டினர். 1986-இல் பெர்க் என்பவரின் குழுவினர், சிறுநீரால் பெருகும் காரமே மலத்தின் நொதிகளைத் தூண்டுகிறது என விளக்கினர். தோலை அரிப்பது நொதி. அதற்குத் துணைநிற்பது காரமும் ஈரமும் என்பது இவற்றால் தெளிவாயிற்று.

தாய்மார்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. தாய்ப்பால் மட்டுமே பருகும் குழந்தையின் மலத்தில் காரத்தன்மையும், தோலை அரிக்கும் நொதிகளின் வேகமும் குறைவாகவே இருக்கும். ஆகவே தாய்ப்பாலை நிறுத்துவதால் புண்ணுக்கும் நன்மையில்லை. மேலும், பட்டினி கிடப்பதால் பேதி நின்றுவிடும் என்பதும் உண்மையன்று. கிருமியின் நச்சால் தூண்டப்பட்ட குடல், உணவு உள்ளே சென்றாலும் செல்லாவிட்டாலும், உடம்பின் நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். நாம் பாலையும் நீரையும் நிறுத்தினால், வெளியேறும் நீர் குறைவதில்லை. ஈடாக உள்ளே வரும் நீரே குறைகிறது.

கழுவுதல், ஒற்றுதல், பூசுதல்

புண் வராமல் தடுக்கவும் வந்ததை ஆற்றவும் வழி ஒன்றே. அழுக்கை உடனே அகற்ற வேண்டும். தோலை உலர்த்த வேண்டும். அடுத்த முறை மலம் தோலைத் தொடாதபடி ஒரு திரையிட வேண்டும்.

முதலாவது, கழுவுதல். மலம் தோலில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் தீங்கு செய்யும். ஆதலால் பேதி நிற்கும்வரை, பகலாயினும் இரவாயினும், துணியை அடிக்கடி தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீரைச் சொம்பிலிருந்து மெல்ல வார்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருப்பதை நனைந்த பஞ்சாலோ மெல்லிய பருத்தித் துணியாலோ துடையுங்கள், தேய்க்க வேண்டாம். பெண் குழந்தையாயின் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை. சாதாரணச் சோப்பு காரத்தன்மை உடையதாதலால், ஏற்கெனவே தகர்ந்த வேலியை மேலும் தகர்க்கும். வாசனை ஊட்டிய ஈரத்தாள்களும் எரிச்சலைக் கூட்டும். கடல்நீரில் கழுவினால் புண் ஆறும் என்று கடலோரத்தில் சிலர் சொல்வதுண்டு. வெந்த தோலில் உப்புநீர் பட்டால் எரிச்சலே மிகும். கரையோர நீரில் கழிவு கலந்திருக்கவும் கூடும். அம்முறையைக் கைவிடுக.

இரண்டாவது, ஒற்றுதல். துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தொடை மடிப்புகளைப் பிரித்து அங்குள்ள ஈரத்தையும் ஒற்றுங்கள். பின்னர்க் குழந்தையைத் துணியின்மேல் கிடத்திப் பத்து, பதினைந்து நிமிடங்கள் காற்றாட விடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. நாள் ஒன்றுக்கு நான்கைந்து முறை இவ்வாறு செய்தாலே லேசான சிவப்பு பெரும்பாலும் தணியத் தொடங்கும்.

மூன்றாவது, பூசுதல். மருந்துக்கடையில் கிடைக்கும் ஜிங்க் ஆக்சைடு களிம்பு, அதாவது துத்தநாகக் களிம்பு, இதற்கு மிக ஏற்றது. அது கிடைக்காவிடில் வாசனை கலவாத பெட்ரோலியம் ஜெல்லி போதும். 1872-இல் செஸ்ப்ரோ என்னும் அமெரிக்கர் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்ற அதே பொருள்தான் அது. இவற்றைப் பூசுவதிலும் ஒரு முறை உண்டு. தோசையின்மேல் நெய் தடவுவதுபோல் மெல்லியதாகத் தடவினால் பயனில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல், அடியிலுள்ள தோல் தெரியாத அளவுக்குத் தடிப்பாக அப்ப வேண்டும். இது தோலுக்குள் சென்று நோயைக் குணமாக்கும் மருந்தன்று. மலத்துக்கும் தோலுக்கும் நடுவே எழுப்பும் சுவராகும்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மறுமுறை கழுவும்போது, பூசிய களிம்பை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு தேய்ப்பதே புதிய புண்ணுக்குக் காரணமாகிவிடுகிறது. மேலே படிந்த அழுக்கை மட்டும் மெல்ல நீக்கிவிட்டு, அடியிலுள்ள வெண்பூச்சை அப்படியே விட்டு, அதன்மேலேயே மீண்டும் பூசுங்கள். முழுவதும் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை நேர்ந்தால், தேங்காயெண்ணெய் நனைத்த பஞ்சால் துடைத்தால் நோகாமல் வந்துவிடும்.

துணியைப் பற்றியும் சில சொற்கள். பருத்தித் துணியே நலம். அதைச் சோப்பிட்டுத் துவைத்தபின், சோப்பின் பிசுக்கு அறவே நீங்கும்வரை நல்ல நீரில் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். பேதித் துணிகளைக் கிணற்றடியிலோ தெருக்குழாயடியிலோ அலசக் கூடாது. அது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நோயை அனுப்புவதற்கு ஒப்பாகும். கடையில் வாங்கும் டயப்பரைப் பயன்படுத்துவோர், அது நிரம்பட்டும் என்று காத்திராமல், மலம் கழித்தவுடனே மாற்ற வேண்டும். விலையை எண்ணி ஒரே டயப்பரை இரவு முழுதும் விட்டுவைப்பதினும், பேதி நாட்களில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துப் பயன்படுத்துவதே மேல். துணியின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவது தோலைப் புழுக்கிவிடும். இவ்வளவும் செய்தபின் உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்கள்.

எவற்றைப் பூசக் கூடாது?

முகத்துக்குப் போடும் பவுடரைக் குழந்தையின் பின்புறத்தில் கொட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு மடிப்புகளில் அரம்போல் உராயும். அதன் தூள் குழந்தையின் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்வதும் கேடாகும். மாவு வகைகளைத் தூவுவதும் வேண்டாம்.

ஒரு காலத்தில் போரிக் பவுடர் தூவுவார்கள். உரிந்த தோல் வழியே அது உடலுக்குள் சென்று நஞ்சாகிறது என்று கண்டபின் மருத்துவர்கள் அதைக் கைவிட்டனர். பழைய அலமாரியில் அந்த டப்பா இன்னும் இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். கற்பூரம் கலந்த தைலங்களும் கைக்குழந்தைகளுக்கு ஆகா. மஞ்சள், வேப்பிலை, சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றை உரிந்த தோலில் அப்புவதால் எரிச்சலும் சீழும்தான் மிஞ்சும். தோல் உரியாமல் வெறும் சிவப்பாக இருக்கும்போது தூய தேங்காயெண்ணெய் தடவுவதில் தீங்கில்லை. ஆனால் ஓயாத பேதிக்கு முன் அதன் மெல்லிய படலம் நெடுநேரம் நில்லாது.

எல்லாவற்றினும் எச்சரிக்கையாய் இருக்க வேண்டியது, மருத்துவர் சீட்டின்றி வாங்கும் கலவைக் களிம்புகளைக் குறித்தே. "எல்லாப் புண்ணுக்கும் கேட்கும்" என்று சொல்லி விற்கப்படுபவை பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. பூசிய மறுநாளே சிவப்பு மறையும். ஆனால் நாளடைவில் தோல் மெலிந்துபோகும், காளான் தொற்று பரவும். துணி மூடிய இடத்தில் இத்தகைய மருந்து குழந்தையின் உடலுக்குள்ளும் மிகுதியாக ஊறிச்செல்லும்.

உள்ளே நீர், வெளியே களிம்பு

இனி உயிரைக் காக்கும் பகுதிக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது, அடைக்கலம் தேடி மேற்கு வங்கத்துக்கு வந்த மக்களிடையே காலரா பரவியது. எல்லையை ஒட்டிய பொங்காவ் என்னும் ஊரின் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கத் துணிந்தார் அவர். தாய்மாரும் உடன்பிறந்தாருமே கோப்பை கோப்பையாக ஊட்டினர். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த மரணம், நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. பெரும் மருத்துவமனையின் கருவிகளால் அன்று, உறவினர் கையிலிருந்த கோப்பையால் அத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்பது நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஓ.ஆர்.எஸ். எனப்படும் அந்த உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இன்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. பொட்டலம் கைக்கு எட்டாத வேளையில், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுவது ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். இனிப்பான புட்டிப் பானங்களும் இதே காரணத்தால் பேதியைப் பெருக்கி, அதன் வழியே தோல் புண்ணையும் பெருக்குகின்றன.

ஒவ்வொரு முறை பேதியானபின்னும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டரும் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெல்லத் தொடங்குங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் குழைந்த சோறு, பருப்புநீர், மசித்த வாழைப்பழம், தயிர்ச்சோறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தரலாம்.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். தோலுக்கு வெளியே சுவராக நிற்கும் அதே துத்தநாகம், குடலுக்கு உள்ளேயும் நன்மை செய்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004 முதல், பேதியுற்ற குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் ஜிங்க் மாத்திரையையும் கொடுக்கப் பரிந்துரைத்து வருகின்றன. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்கள் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். அதற்குக் குறைந்த வயதினர்க்கு மருத்துவர் சொல்லும் அளவு. இது பேதியின் நாட்களைக் குறைக்கிறது. அதனால் புண்ணின் நாட்களும் குறைகின்றன. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாமல் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். ஆனால் மாத்திரை வேறு, களிம்பு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

மேற்கூறியவாறு கவனித்தும் இரண்டு மூன்று நாளில் புண் தணியாவிட்டால் மருத்துவரை நாடுங்கள். மடிப்புகளுக்குள் பளிச்சென்ற அடர்சிவப்பும், அதைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளும் தோன்றினால், காளான் தொற்று சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்குரிய களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். நீர்க்கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் ஆகியவை கண்டாலும், ஆசனவாயைச் சுற்றி வளையம்போல் சிவந்து வலி மிகுந்தாலும் காலந்தாழ்த்த வேண்டாம்.

புண் எவ்வாறு இருப்பினும், கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்: கண்கள் குழிவிழுதல், அழுதாலும் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே படிதல், பால் குடிக்க மாட்டாமை, கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுத்தல், மலத்தில் இரத்தம், தூங்கி விழும் சோர்வு. 108 என்ற எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வரும். கனகசெட்டிக்குளத்தாருக்குக் காலாப்பட்டிலுள்ள பிம்ஸ் மருத்துவமனை அண்மையில் உள்ளது. புதுவையில் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன. போகும் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள்.

முதியோரின் மௌன வேதனை

குழந்தையாவது அழுது தன் வலியைச் சொல்லிவிடுகிறது. படுக்கையில் கிடக்கும் தாத்தாவும் ஆயாவும் வாய் திறப்பதில்லை. பேத்தி துடைக்க நேருமே என்ற கூச்சம். மருமகள் முகம் சுளிப்பாளோ என்ற அச்சம். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, தாகமே இல்லே" என்று தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்கள். குடித்தால் போகும், போனால் எரியும், பிறருக்கும் தொல்லை என்பது அவர்கள் உள்ளத்தின் கணக்கு. மாமியார் குழந்தைக்குச் சொன்ன அதே தவற்றை இவர்கள் தமக்குத் தாமே இழைத்துக்கொள்கிறார்கள். முதிய உடலில் நீர் வற்றினால் மயக்கமும் சிறுநீரகக் கேடும் விரைவில் வந்துவிடும்.

அவர்களுக்கும் அதே முறைதான்: வெதுவெதுப்பான நீர், மெல்ல ஒற்றும் துணி, தடிப்பான களிம்பு. இவற்றோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். வெந்த தோலின்மேல் உடற்பாரமும் அழுந்தினால் படுக்கைப்புண் ஆழமாக இறங்கிவிடும். நடக்கக் கூடியவர்க்குக் கட்டிலருகே மலங்கழிக்கும் நாற்காலி ஒன்றை வைத்தால், ஓடிச் சென்று விழும் அபாயமும் ஆடையில் கழிந்துவிடும் வெட்கமும் தவிரும். துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள். மறைக்க வேண்டிய இடத்தை ஒரு துண்டால் மறையுங்கள். "அப்பா, கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா?" என்று கேட்டபின் தொடுங்கள். இந்தச் சிறு மரியாதை இருக்குமானால், அடுத்த முறை அவர் எரிச்சலை ஒளிக்க மாட்டார். தண்ணீரையும் மறுக்க மாட்டார்.

முதியோரின் பேதி எல்லாம் கிருமியால் வருவதன்று. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், அளவு மிகுந்த மலமிளக்கி ஆகியவையும் காரணமாகலாம். பல நாள் மலச்சிக்கலால் இறுகிக் கட்டிப்போன மலத்தைச் சுற்றித் தண்ணீராய்க் கசிவதும் பேதிபோலத் தோன்றும். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலை மோசமாகும். ஆதலால் உண்ணும் மருந்துகளையெல்லாம் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது அறிவுடைமை.

வருமுன் காத்தல்

பேதி வராவிட்டால் புண்ணுக்கு இடமேது? 2022 ஜூலை 3 அன்று, நமது புதுவை ஒன்றியத்தைச் சேர்ந்த காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவியதால் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது; பள்ளிகளும் சில நாள் மூடப்பட்டன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரைகடந்தபோது, வரலாறு காணாத மழையில் தெருக்கள் வெள்ளக்காடாயின. வெள்ளம் வடிந்தபின் குடிநீரோடு கழிவுநீர் கலப்பதே இத்தகைய நாட்களின் பேராபத்து. மழைக்குப் பிந்திய நாட்களில் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். தண்ணீர்ப் பானைக்கு மூடியும், மொண்டெடுக்கப் பிடியுள்ள குவளையும் வையுங்கள். பானைக்குள் கைவிட வேண்டாம். சமைக்குமுன்னும், ஊட்டுமுன்னும், மலங்கழித்தபின்னும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். புட்டிப்பாலைத் தவிர்த்துக் கிண்ணமும் கரண்டியும் கொண்டு ஊட்டுங்கள்.

குழந்தைகளின் கடும்பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து உண்டு. நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019-இல் நாடு முழுவதும் அது விரிவாயிற்று. குழந்தை பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியே சொட்டாகத் தரப்படுகிறது. ஊசியின் வலியும் இல்லை. அந்த மூன்று நாட்களையும் தவறவிடாதீர்கள்.

மீண்டும் அந்த வீட்டுக்குச் செல்வோம். மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டுவதில்லை. "அத்தை, நீங்க கொஞ்சம் தண்ணி காய்ச்சித் தாங்க. நான் புள்ளைக்குப் பால் கொடுத்துட்டு வர்றேன். புண்ணுக்குக் களிம்பு வாங்கிவரச் சொல்லியிருக்கேன்; நீங்கதான் நோகாமப் பூசணும்" என்று சொல்லட்டும். ஐந்து பிள்ளைகளை வளர்த்த அந்தக் கைகளைவிட மென்மையான கைகள் வேறு எங்கே கிடைக்கும்? அடுப்பில் நீர் கொதிக்கட்டும். மடியில் குழந்தை பால் பருகட்டும். வெந்த தோல் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதுவரை அந்தச் சிற்றுடலில் நீர் வற்றாமல் காப்பது இருவரின் கடமையாகும்.